ஏரியில் எத்தனை ட்ரவுட் விடலாம்?

பிரிஸ்டல் நகரத்தின் குடிநீருக்காக, தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் யோ என்ற சிற்றாற்றை மறித்து ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். பெயர் பிளாக்டன் ஏரி. ட்ரவுட் மீன்களை வளரவிட்டு 1904-இல் தூண்டில்காரர்களுக்குத் திறந்துவிட்டபோது நாடே வாயைப் பிளந்தது. ஆற்றில் அரைக் கிலோ ட்ரவுட் பிடித்தவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் அது. பிளாக்டனில் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று வந்தன.

சில ஆண்டுகளில் எடை இறங்கத் தொடங்கியது. 1966-இல் இங்கிலாந்தின் கிராஃபம் நீர்த்தேக்கம் திறந்தபோதும் முதலில் இதே கொண்டாட்டம்தான், பிறகு இதே இறக்கம்தான். புதிதாக நீர் ஏறிய நிலத்தில் மண்புழுவும் பூச்சியும் ஏராளம். மூழ்கிய புல் அழுகி நீருக்குச் சத்தைக் கொடுக்கும். போட்டிக்கு வேறு மீன்களும் குறைவு. அந்தச் சத்து தீர்ந்த பிறகுதான் ஏரியின் உண்மையான வலு தெரியவரும். மீன் சிறுத்துவிட்டது என்றதும் தூண்டில்காரர்கள் கேட்பது ஒன்றே: இன்னும் நிறைய மீன் விடுங்கள். பெரும்பாலும் அது தவறான மருந்து.

ஏரியில் ஏன் மீன் விட வேண்டும், அங்கேயே பெருகாதா? ட்ரவுட் முட்டையிடுவதற்கு ஓடும் நீரும் சரளைக்கற்களும் தேவை. பெண்மீன் வாலால் சரளையைத் தோண்டி, முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடிவிடும். கற்களின் இடுக்கில் ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜனில்தான் முட்டை பிழைக்கும். நல்ல ஓடை வந்து சேராத ஏரியில் இது நடக்காது. கட்லாவும் ரோகுவும் நம் குளங்களில் முட்டையிடாமல், ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விட வேண்டியிருப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால் வலை போடுகிறவருக்கு அறுவடை கிலோவில். ட்ரவுட் ஏரியை நடத்துகிறவர் விற்பது ஒரு மனிதரின் விடுமுறை நாளை. அதனால் கணக்கும் வேறு.

எந்த அளவு மீனை விடுவது என்பதுதான் முதல் முடிவு. பொரித்துச் சில வாரமான குஞ்சு மலிவு. ஆனால் நூற்றில் மிகச் சிலவே பிழைக்கும். விரலளவுக் குஞ்சுகள் வளமான, பகை மீன் குறைந்த ஏரியில் நன்றாக வரும். ஏரியின் தீனியைத் தின்றே வளர்வதால் துடுப்பு முழுமையாக, உடல் இறுக்கமாக இருக்கும். தூண்டில்காரர் மதிப்பது அந்த மீனைத்தான். மூன்றாவது, பண்ணையில் தீவனம் போட்டு 25 சென்டிமீட்டருக்கு மேல் வளர்த்துவிடும் மீன். விலை அதிகம், ஆனால் விட்ட சில வாரங்களுக்குள் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். நகரத்தின் அருகே, கூட்டம் மொய்க்கும் ஏரிக்கு இதுவே வழி. பிரிட்டனின் நீர்த்தேக்கங்களில் நீர்க்காகங்கள் பெருகியதும் பெரிய மீனை விடுவதற்கு ஒரு காரணம். சிறியதை விட்டால் பறவைக்கு விருந்து.

மொத்தத்தையும் பருவத் தொடக்கத்தில் ஒரே நாளில் கொட்டுவது சோம்பேறித்தனம். வண்டியிலிருந்து இறங்கிய மீன் பல நாள் அதே கரையில் கூட்டமாகச் சுற்றும். வண்டி வரும் நாளை அறிந்தவர்கள் அங்கேயே வரிசை கட்டி நின்று அள்ளிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து வருகிறவருக்கு வெறும் தண்ணீர்தான். சிறிது சிறிதாக, வெவ்வேறு கரைகளில், சில இடங்களில் படகில் கொண்டுபோய் விடுவதே முறை. தொட்டி நீரின் வெப்பநிலையை ஏரி நீரோடு மெல்லச் சமன்படுத்தாமல் கொட்டினால், பிடிபடும் முன்பே ஒரு பகுதி செத்துவிடும்.

இன்னொரு சிக்கல்: வானவில் ட்ரவுட் இரண்டு, மூன்று வயதில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். முட்டையிட இடமில்லாத ஏரியில் பெண்மீன் வயிற்றில் முட்டையைச் சுமந்துகொண்டு கறுத்து, மெலிந்து, சதை வெளிறிப் போகும். ஓடைவழி தேடி மதகின் பக்கம் போய் வெளியேறவும் பார்க்கும். ஆகவே பல பண்ணைகள் மும்மய மீன்களை வளர்க்கின்றன. கருவுற்ற சிறிது நேரத்தில் முட்டையை வெப்பத்தாலோ உயர் அழுத்தத்தாலோ அதிர்ச்சிக்கு உள்ளாக்கினால், அதிலிருந்து வரும் மீனுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருக்கும். அப்படிப்பட்ட பெண்மீனுக்குச் சினை பிடிக்காது. சினைக்குப் போகும் சத்து சதையாகும். ஏரியிலிருந்து தப்பி ஆற்றுக்குப் போனாலும் அங்குள்ள இனத்தோடு கலக்காது என்பது கூடுதல் நன்மை.

இனி ஏரியின் தாங்குதிறன். மேய்ச்சல் நிலத்தில் புல்லைப் பார்த்துத்தான் மாட்டை ஓட்ட வேண்டும். ஏரியில் புல் என்பது கொசுவினப் பூச்சிகளின் புழு, நத்தை, நன்னீர் இறால், மிதக்கும் நுண்ணுயிர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஹெக்டேர் ஏரி ஒன்று, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 கிலோ ட்ரவுட் சதையை வளர்க்கும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 கிலோ. 200 கிராமில் விடும் மீன் 700 கிராமாக வேண்டுமானால் தலைக்கு 500 கிராம் வளர்ச்சி; அதாவது 4,000 மீன். 8,000 விட்டால் ஒவ்வொன்றும் பாதிதான் வளரும். 20,000 விட்டால் ஊசிபோன்ற உடலும் பெரிய தலையும் கொண்ட பட்டினி மீன்களே மிஞ்சும். எனவே நீளத்தையும் எடையையும் சேர்த்து அளப்பதைவிட நல்ல சோதனை இல்லை. அதே நீளத்தில் ஆண்டுக்காண்டு எடை குறைந்தால், விடும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இதைத் தூண்டில் சங்கக் கூட்டத்தில் சொல்வதற்குத் தனித் துணிச்சல் தேவை.

கோடையில் ஏரி இன்னும் சுருங்கும். ட்ரவுட் குளிர்நீர் மீன். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திணறும், 25 டிகிரியை ஒட்டி உயிருக்கே ஆபத்து. மேல்நீர் சூடாகும்போது அடிநீர் குளிர்ந்தே இருக்கும். ஆனால் வளமான ஏரிகளில் அங்கே அழுகும் பொருள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல். நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் எல்லா மீனும் நெருக்கியடிக்கும். அந்த வாரங்களில் புதுமீன் விடுவது காசை நீரில் எறிவது. பிடித்துவிட்டு மீண்டும் விடுவதும் வேண்டாம். குளிர்ந்த நீரில், முள்ளில்லாத கொக்கியில் பூச்சி வடிவம் கட்டிப் பிடித்து மீண்டும் விட்ட மீனில் மிகச் சிலவே சாகும்; இரைப்புழுவோடு கொக்கியை விழுங்கியது சாகும் வாய்ப்பு பல மடங்கு; சூடான நீரில் எல்லாமே மோசம்.

பிரிட்டிஷ் நீர்த்தேக்கங்களில் நுழைவுச்சீட்டு வாங்கியவர், திரும்பும்போது எத்தனை பிடித்தார் என்று எழுதிப் போட வேண்டும். எடுத்தது எத்தனை, எத்தனை பேர் வந்தார்கள் என்ற இரண்டும் அதில் தெரிந்துவிடும்; ஏரியில் விட்டது எத்தனை என்பதோடு ஒப்பிடலாம். ஒருவருக்கு நாளுக்கு இத்தனை மீன் என்ற உச்சவரம்பு மீனைக் காப்பதைவிட, இருப்பதைப் பலருக்குப் பங்கிடும் விதியாகத்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது.

மீன் விடவே கூடாத நீர்நிலைகளும் உண்டு. அமெரிக்காவின் மான்டனா மாநிலத்து மேடிசன் ஆற்றில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திப் பார்த்த உயிரியலாளர் டிக் வின்சென்ட், அங்கு பிறந்து வளரும் ட்ரவுட் பெருகுவதைக் கண்டார். 1974-இல் அம்மாநிலம், தானாக மீன் பெருகும் ஓடைகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்தியது. ஏரிகளில் இன்றும் விடுகிறது. நீலகிரியிலும் தானாகப் பெருகி நிலைத்த ட்ரவுட் உண்டு: 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் டே செய்த முயற்சிகள் பலிக்காமல், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் வானவில் ட்ரவுட்டை வேரூன்றச் செய்தார். அவலாஞ்சியின் பொரிப்பகம் அந்தக் காலத்தது. அங்கே மலை உயரமே குளிரைத் தருகிறது.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பு மீனே கிடையாது. கோவேறு கழுதையில் பால்கேன் ஏற்றியும், பிற்காலத்தில் விமானத்திலிருந்து பொழிந்தும் ட்ரவுட் நிரப்பினார்கள். அங்குள்ள மஞ்சள்கால் மலைத்தவளையின் தலைப்பிரட்டை முழு வளர்ச்சிக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டு எடுக்கும்; அதற்குப் பனிக்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். ட்ரவுட்டுக்கு வேண்டியதும் அதே ஏரிதான். மீன் தலைப்பிரட்டையைத் தின்று தீர்த்தது. பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டது. 1990-களின் தொடக்கத்தில் யோசெமிட்டி தேசியப் பூங்கா மீன் விடுவதை நிறுத்தியது. மலைத்தொடரில் சில ஏரிகளில் வலைபோட்டு மீனை முழுவதும் எடுத்துப் பார்த்தார்கள்; தவளைகள் சில ஆண்டுகளில் திரும்பி வந்தன. ஆனால் எல்லா ஏரிகளிலும் அதைச் செய்ய முடியாது. இன்று சில ஏரிகள் தவளைக்கு, சில தூண்டிலுக்கு என்று பிரித்தே நிர்வகிக்கிறார்கள்.