உங்களுக்குத் தெரியுமா? ஆரணியும் துப்பறியும் கதையும்

ஆரணியிலிருந்து பஸ்ஸேறி திருவண்ணாமலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வருகிறவரிடம் ஊர்ப் பெருமை கேட்டால் பட்டுச்சேலையைச் சொல்வார். குப்புசாமி முதலியாரைச் சொல்ல மாட்டார். தமிழில் துப்பறியும் நாவலுக்கு வாசகர் கூட்டம் சேர்த்த முதல் தலைமுறையில் ஒருவர் இந்த ஆரணி குப்புசாமி முதலியார். ‘ஆனந்தபோதினி’ பத்திரிகையின் ஆசிரியர். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கிலக் கதாசிரியர்களின் நாவல்களை எடுத்து, ஆட்களுக்கும் ஊர்களுக்கும் நம் நாட்டுப் பெயர் சூட்டி, பாகம் பாகமாக அச்சேற்றினார். ‘இரத்தினபுரி இரகசியம்’ அவற்றில் பேர்போனது. ‘தழுவல்தானே’ என்று உதட்டைப் பிதுக்குவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு ஆகியோரோடு சேர்ந்து, மர்மக் கதைக்காகக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் பழக்கத்தை ஏற்படுத்தியவர் அவர். 1925-இல் காலமானார்.

இப்போது அந்த வாசகர்களின் பேரப்பிள்ளைகள் ஓ.டி.டி.யில் துப்பறிகிறார்கள். 2022 ஜூனில் வெளியான ‘சுழல்’ தொடரின் முதல் சீசன் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நடுவே நகர்கிறது. கதை நடக்கும் சாம்பலூர் கற்பனைதான். மயானக் கொள்ளைக்குப் பேர்போன அங்காளம்மன் கோயிலோ, திருவண்ணாமலைக்குப் பக்கத்திலிருக்கும் மேல்மலையனூரில் இருக்கிறது.