எபோலா சட்டை போட்ட டூப்!

மூன்றாவது மாடியிலிருந்து குதிப்பது ஹீரோ இல்லை என்பது டிக்கெட் கிழிப்பவருக்குக்கூடத் தெரியும். அதே சட்டை, அதே விக், கேமராவுக்கு முதுகைக் காட்டும் ஒரு டூப். வைரஸ் ஆராய்ச்சியிலும் இந்த வித்தை உண்டு. ஒரே வித்தியாசம், இங்கே டூப் போடுவது வில்லனுக்கு!

வில்லன் பெயர் எபோலா. பிடித்தால் சராசரியாக இரண்டு பேரில் ஒருவர் காலி. இதைத் தொட்டு ஆராய உலகத்தில் கொஞ்சம் லேப்களுக்குத்தான் வசதி உண்டு. 'பயோசேஃப்டி லெவல் 4' என்பார்கள். விண்வெளி வீரர் மாதிரி உடை, காற்றுக் குழாய், வெளியே வரும்போது உடையோடு ஒரு கெமிக்கல் குளியல்... ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இத்தனை பாடா?

சந்தேகமோ ரொம்ப சிம்பிள். இந்த ஆள் நம் செல்லுக்குள் எப்படி நுழைகிறான்? கதவைத் திறப்பது சட்டையின் வேலை, அதாவது வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் வேலை. அப்படியானால் சட்டை மட்டும் போதுமே, வில்லன் எதற்கு?

1997-ல் யோஷிஹிரோ கவாவோகா என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் குழு இதைச் செய்து காட்டியது. மாட்டுக்கு வாயில் கொப்புளம் வரவழைக்கும் வி.எஸ்.வி. என்ற வைரஸை எடுத்தார்கள். (துப்பாக்கி ரவை வடிவம். நிஜ புல்லட்!) அதன் சொந்தச் சட்டைக்கான ஜீனை வெட்டிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஜெல்லி மீனிடமிருந்து வந்த, பச்சையாக ஒளிரும் புரதத்தின் ஜீனைச் செருகினார்கள். எபோலா புரதத்தைத் தயாரித்து வைத்திருந்த செல்களுக்குள் இதை விட்டார்கள். வெளியே வந்த வைரஸெல்லாம் எபோலா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தன. இந்த மாறுவேஷத்துக்குப் பெயர் சூடோடைப் வைரஸ்.

டூப் எந்தச் செல்லில் நுழைந்தாலும் அது பச்சையாக மின்னும். எண்ண வேண்டியதுதான், கணக்கு முடிந்தது. (பி.காம். படித்த எனக்கு வைராலஜியில் பிடித்த ஒரே இடம் இதுதான். டாலி ஆகிறது!) உள்ளே போனது பெருகி ஊரைக் கெடுக்காதா? கெடுக்காது. சட்டை தைக்கும் ஜீன்தான் அதனிடம் இல்லையே! உள்ளே பிறக்கும் குட்டிகளுக்குச் சட்டை கிடையாது, அடுத்த செல்லின் கதவும் திறக்காது. ஒரே ஒரு டிரிப். அதனால் லெவல் 2 லேபே போதும்.

2020-ல் கொரோனா வந்தபோதும் டூப்புக்கு அழைப்பு வந்தது. எச்.ஐ.வி.யின் உட்கூட்டை எடுத்து, அதன் விஷமத்தையெல்லாம் பிடுங்கி, கொரோனா சட்டை மாட்டினார்கள். குணமானவரின் ரத்த சீரத்தை அதோடு கலந்து செல்களின் மேல் விட்டார்கள். வெளிச்சம் குறைந்தால், ஆன்டிபாடி கதவிலேயே ஆளை மடக்கிவிட்டது என்று அர்த்தம்.

டூப்புக்கு நடிக்க வராது என்பதையும் சொல்ல வேண்டும். நுழைவதை மட்டும்தான் அது காட்டும். உள்ளே போய் ஒரிஜினல் செய்யும் அட்டூழியம் தெரியாது. நிஜ எபோலா நூல் மாதிரி நீளம் வேறு. கடைசியில் ஒரிஜினலை வைத்துச் சரிபார்த்தே தீர வேண்டும்.

டூப்புக்கு ஒரு தம்பி உண்டு. கனடாவின் வின்னிபெக் நகரத்து அரசு லேபில், எபோலா சட்டைக்கான ஜீனையே வி.எஸ்.வி.க்குள் வைத்துவிட்டார்கள். இது பெருகும். ஆனால் உள்ளே இருப்பது மாட்டு வைரஸ்தானே? குரங்குகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். பிறகு நிஜ எபோலா கொடுத்தும் அவை பிழைத்துக்கொண்டன.

2009 மார்ச். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில், லெவல் 4 லேபில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் விஞ்ஞானியின் விரலில், கையுறையைத் தாண்டி எபோலா ஊசி குத்திவிட்டது. மருந்து? அன்றைக்கு உலகத்தில் எதுவும் இல்லை. பல நாட்டு நிபுணர்கள் போனில் கூடிப் பேசினார்கள். வின்னிபெக்கிலிருந்து தடுப்பூசி பறந்து வந்தது. அதுவரை ஒரு மனிதருக்கும் போட்டுப் பார்க்காத ஊசி!

48 மணி நேரத்துக்குள் போட்டார்கள். 12 மணி நேரத்தில் காய்ச்சல். எல்லோருக்கும் குலை நடுங்கியது. ரத்தத்தைச் சோதித்தால், எபோலாவின் சட்டை ஜீன் இருந்தது. அதன் மற்ற ஜீன்கள் எதுவும் இல்லை. வந்திருப்பவன் தம்பிதான்! மூன்று வாரம் கண்காணித்து நலமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி காப்பாற்றியதா, எபோலா தொற்றவே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அதற்கு விடை கிடைத்தது ஆப்பிரிக்காவில். 11,000 பேருக்கு மேல் பலி வாங்கிய எபோலா அலையின்போது, 2015-ல் கினி நாட்டில் நோயாளிகளைச் சுற்றியிருந்தவர்களுக்கு இதே ஊசியைப் போட்டார்கள். உடனே போட்டுக்கொண்டவர்களில், 10 நாள் கழிந்தபின் யாருக்கும் எபோலா வரவில்லை. 2019 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 'எர்வெபோ' என்ற பெயரில் இப்போது பாட்டிலில் வருகிறது.