லாரிக் கூலியும் பொறுப்பும்

மேல்மலையனூர்ப் பக்கத்துச் சங்கங்கள் வெளியூரில் நூலோ உரமோ வாங்கினால், பெரும்பாலும் அது லாரியில்தான் வந்து சேரும். விலை மலிவென்று அங்கத்தினர்கள் மகிழுமுன், அவ்விலை ஆலை வாசலோடு நிற்கிறதா, நம் கிடங்கு வரையிலா என்று கேட்டறிதல் வேண்டும்.

பழைய 1865-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்தது 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். அதன் விதிகளின்படி, சரக்கின் மதிப்பை எழுதிக்கொடுத்து உயர்ந்த கூலி செலுத்தாதவருக்கு, சரக்கு தொலைந்தால் பொதுவாகக் கிடைப்பது கூலியைப் போல் பத்து மடங்கு வரைதான். கூலி 600 ரூபாய் எனில் 6,000 ரூபாய். உள்ளிருந்த நூல் 60,000 பெறுமாயினும் அவ்வளவே!

சிப்பம் நனைந்தோ கிழிந்தோ வந்தால், ரசீதில் அதைக் குறிக்காமல் கையொப்பமிடலாகாது. லாரி ஓட்டுபவரின் அவசரம் நமக்கென்ன? சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடாவிடில் வழக்கிட இயலாது.