மண்டையோட்டுக்கு அஞ்சாத குழந்தைகள்

குழந்தை தரை துடைக்கும் திரவத்தைக் குடித்துவிட்டது. அதில் என்ன கலந்திருக்கிறது? 1950-களுக்கு முன் அமெரிக்க மருத்துவர்கள் பலருக்கே இது தெரியாது. சிகாகோவில் மருந்தாளுநர் லூயிஸ் கடால்மன், வீட்டுப் பொருள்களின் சேர்மானத்தையும் விஷமுறிவுச் சிகிச்சையையும் சிறு அட்டைகளில் குறித்துச் சேர்த்துவந்தார். 1953-இல் அந்நகரில் அமெரிக்காவின் முதல் விஷக் கட்டுப்பாட்டு மையம் தொடங்க அந்த அட்டைகள் பெரிதும் உதவின.

எச்சரிப்பதிலும் சிக்கல். பிட்ஸ்பர்க் நகரின் பேஸ்பால் அணிக்குக் கடற்கொள்ளையர் பெயர். அதனால் விஷத்தைக் குறிக்கும் மண்டையோடு அங்கே குழந்தைகளுக்கு விளையாட்டுச் சின்னம்! 1971-இல் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனை, நாக்கை நீட்டி முகம் சுளிக்கும் பச்சை முகம் ஒன்றை ஒட்டுப்படமாக வெளியிட்டது. முகம் பிரபலமானது. ஆனால் பின்னாளைய ஆய்வுகளில், அது சின்னஞ்சிறுசுகளைத் தடுப்பதாகத் தெரியவில்லை. படத்தைவிட, பிஞ்சு விரல்களால் எளிதில் திறக்க முடியாத மூடியே மேல். 1970-இல் அமெரிக்கா அதற்கென்றே சட்டம் இயற்றியது. ஆஸ்பிரின் விழுங்கி இறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள்.

வாந்தி எடுக்கவைக்கும் பழக்கமும் போய்விட்டது. மண்ணெண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் புகலாம். அமிலம் உணவுக்குழாயை மறுபடி எரிக்கும். இந்தியாவில் டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையம் இரவுபகலாக ஆலோசனை சொல்கிறது. அழைப்பவர் கையில் குழந்தை விழுங்கிய பொருளின் புட்டி இருக்க வேண்டும். எவ்வளவு, எப்போது உள்ளே போனது, குழந்தையின் எடை என்ன என்று கேட்பார்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.