நம்பர் பார்த்துக் கட்டிய வீடு

பெட்டி பெட்டியா பார்ட்ஸ் வரும், நம்பர் பார்த்து மாட்டினா வீடு ரெடி. அமெரிக்காவில் சியர்ஸ் கம்பெனி 1908 முதலே கேட்டலாக் வழியா இப்படி முழு வீட்டையே வித்துச்சு. அந்தச் சமாச்சாரத்தை வெச்சு பஸ்டர் கீட்டன் 1920-ல் எடுத்த இரண்டு ரீல் மௌனப்படம்தான் 'ஒன் வீக்'.

கதை சிம்பிள். புதுசா கல்யாணமான ஜோடிக்கு அப்படி ஒரு வீடு பரிசா கிடைக்குது. அந்தப் பொண்ணை விரும்பி ஏமாந்த ஒருத்தன் பெட்டி நம்பர்களை மாத்தி விட்டுடறான். மாப்பிள்ளையோ நம்பரை நம்பியே கட்டுறார். சுவர் ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம், மொத்தமும் கோணல். இத்தனைக்கும் அவர் தப்பே பண்ணல. ப்ரொசீஜர் பக்கா, இன்புட்தான் தப்பு. லேப்ல உட்கார்ந்தவங்களுக்கு இந்த வலி புரியும்!

விழறதும் அடிபடறதும்தான் ஸ்லாப்ஸ்டிக்னு நினைக்கிறோம். ஆனா கீட்டன் படத்துல விழறதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கும். புயல்ல அந்த வீடு ராட்டினம் மாதிரி சுத்துதே, அது கேமரா வித்தை இல்லை. சுழலும் மேடை மேல வீட்டையே கட்டிச் சுத்த விட்டாங்க. சுவர் இவர் மேல சாயும்போது, ஜன்னல் ஓட்டை சரியா இவர் நிக்கிற இடத்துல வந்து விழும். இதையே 1928-ல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசையும் சாய்ச்சுக் காட்டினார். நிக்கிற இடம் கொஞ்சம் தள்ளிப்போனா ஆள் காலி. எல்லா நேரமும் கணக்கு கைகொடுக்கவும் இல்லை. 1924-ல் 'ஷெர்லாக் ஜூனியர்' ஷூட்டிங்கில் தண்ணீர் கொட்டிக் கீழே விழுந்ததில் கழுத்தெலும்பு முறிஞ்சது. பல வருஷம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தப்பதான் அவருக்கே தெரிஞ்சது.

எனக்குப் பிடிச்சது 'ஒன் வீக்' க்ளைமாக்ஸ். (நூறு வருஷம் ஆச்சு, ஸ்பாய்லர் சொன்னா தப்பில்லை.) மனை மாறிப்போச்சுன்னு வீட்டை இழுத்துட்டுப் போறாங்க. தண்டவாளத்து நடுவுல மாட்டிக்குது. ரயில் வருது. ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிறாங்க. ரயில் பக்கத்துத் தண்டவாளத்துல போயிடுது! ரெண்டு தண்டவாளம் இருக்கிறதையே கேமரா கோணம் நமக்கு மறைச்சு வெச்சிருக்கு. அப்பாடான்னு மூச்சு விடறோம். எதிர்ப்பக்கத்துல இருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கிடுது.

கீட்டன் முகத்துல சலனமே இல்லை. 'விற்பனைக்கு'ன்னு ஒரு போர்டை வெச்சு, அதோட கட்டுமானக் குறிப்பையும் வெச்சுட்டு, பொண்டாட்டி கையைப் பிடிச்சு நடந்து போயிடறார்.