ஆன்லைன் கோர்ஸ்: சேருவது ஈஸி... முடிப்பது ஏன் கஷ்டம்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. முன்கூடத்தில் பாதி இடம் தறிக்கு. சாயங்காலம் ஆறு மணி ஆகியும் தறிச் சத்தம் ஓயவில்லை. அந்த வீட்டில் முதல்முறையாக கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி, ஐஐடி பேராசிரியர் ஒருவரின் வீடியோ பாடத்தை இயர்போன் மாட்டிக்கொண்டு செல்போனில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பாடம் இலவசம். நடத்துபவர் அந்தத் துறையில் பெரிய ஆள். ஆனாலும் மூன்றாவது வாரமே மாணவி பாடத்தை விட்டுவிட வாய்ப்பு அதிகம். சோம்பேறித்தனமா? இல்லை, வேறு காரணம் இருக்கா? பார்க்கலாம்.

என்னென்ன கோர்ஸ் இருக்கு?

ஐஐடிக்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது 'என்பிடெல்'. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 ஜூலையில் வந்தது. என்பிடெல் பாடங்கள் இப்போது அதிலும் கிடைக்கின்றன. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. இதில் திறன் பயிற்சிகள் கல்லூரி வழியாகவே மாணவர்களுக்கு வருகின்றன. முழு பட்டமே ஆன்லைனில் வேண்டும் என்பவர்களுக்கு, சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது.

ஏன் சேர்கிறார்கள்?

முதல் காரணம், கிரெடிட். ஒரு செமஸ்டர் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கலாம் என்று யுஜிசி 2016-ல் அனுமதித்தது. 2021-ல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் ஒரு கண்டிஷன்: உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வேலை. காஞ்சிபுரத்தில் இருந்து ஒரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் சென்னை ஐடி கம்பெனிகள். பி.காம்., பி.எஸ்சி. படிப்பவர்களுக்கு பைத்தான், டேட்டா அனலிட்டிக்ஸ் மாதிரி விஷயங்கள் வகுப்பில் கிடைக்காதபோது, ஆன்லைன்தான் பக்கத்துக் கடை.

மூன்றாவது, நேரம். இதே பயிற்சிக்காக சென்னைக்குப் போனால் ஒரு வழிக்கே சுமார் 70 கிலோமீட்டர். பஸ், ரயில், செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் போச்சு. இரவு நேரப் பயணத்துக்கு வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அப்போ ஏன் தவிர்க்கிறார்கள்?

உலகம் முழுக்க இதே கதைதான். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய 'எடெக்ஸ்' தளத்தின் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2019 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. 2017-18-ல் கோர்ஸில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம் மட்டுமே. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதேசமயம், சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள்.

இதை 'காசு கட்டினால்தான் புத்தி வரும்' என்று மட்டும் படித்துவிட முடியாது. பணம் கட்ட முடிந்தவர்களிடம் நேரமும் வசதியும் தெளிவான தேவையும் இருந்திருக்கலாம்.

நம்ம ஊருக்கு வந்தால் இன்னும் சில தடைகள் உண்டு. என்பிடெல்லில் பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் உண்டு. தேர்வு ஆன்லைனில் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது அல்ல, மையத்துக்கு நேரில் போக வேண்டும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் பாஸ். வாரத்துக்கு சுமார் இரண்டரை மணி நேர வீடியோ, அதற்கு மேல் அசைன்மென்ட். கல்லூரி முடிந்து வந்து வீட்டு வேலையும் பார்ப்பவருக்கு இது சின்ன சுமை இல்லை.

அடுத்தது மொழி. பல பாடங்களுக்கு தமிழ் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. ஆனாலும் வகுப்பு நடப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் பிளஸ் 2 முடித்தவருக்கு, பாடத்தோடு சேர்த்து மொழியையும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

டேட்டா கொடுத்தால் போதுமா?

கொரோனா காலத்தில் பிரச்சினை டேட்டாதான் என்று தோன்றியது. 2021 ஜனவரியில் தமிழக அரசு, ஆன்லைன் வகுப்புகளுக்காக 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. அன்றைக்கு அது பெரிய உதவி.

டேட்டா இருந்தால் வீடியோ ஓடும். ஆனால் ஒரு கணக்கு புரியவில்லை என்றால் யாரிடம் கேட்பது? வகுப்பறை என்றால் பக்கத்து பெஞ்ச் இருக்கும். அண்ணனோ அக்காவோ டிகிரி படித்த வீடு என்றால் அங்கேயே பதில் கிடைக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இரண்டில் ஒன்று ஏற்கெனவே இல்லை. ஆன்லைன் கோர்ஸ் மற்றதையும் எடுத்துவிடுகிறது. யாருக்கு இந்த இலவசப் பாடம் அதிகம் தேவையோ, அவரே முதலில் வெளியேறுகிறார்.

பட்டுச் சேலையில் கோர்வை போடுவதைப் பார்த்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதுசில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். பாரம்பரிய முறையில் நெசவாளர் ஒருவரால் அதை நெய்ய முடியாது, மறுபக்கக் கரைக்கு நாடா போட பக்கத்தில் இன்னொருவர் வேண்டும்.

சேரும் முன் என்ன செக் பண்ணணும்?

● கிரெடிட் உண்டா? உங்கள் துறைத் தலைவரிடம் முதலில் கேளுங்கள். முடித்த பிறகு கேட்டால் லேட்.

● கல்லூரியில் என்பிடெல் 'லோக்கல் சாப்டர்' இருக்கா? இருந்தால் அதற்கென பொறுப்பாசிரியர் இருப்பார். வழிகாட்ட மென்டரும் கிடைக்கலாம்.

● தேர்வுத் தேதி உங்கள் செமஸ்டர் தேர்வோடு மோதுகிறதா? கட்டணச் சலுகை உங்களுக்குப் பொருந்துமா?

● முழு பட்டம் என்றால் யுஜிசி அனுமதி இருக்கா? அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. இன்ஜினீயரிங், மருத்துவம் போன்றவற்றை ஆன்லைன் பட்டமாக நடத்த அனுமதி இல்லை.

● கடைசியாக, கூடப் படிக்க ஒரு ஆள் இருக்கா? ஒரே கோர்ஸில் இரண்டு பேராகச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் லைப்ரரியில் உட்கார்ந்து அசைன்மென்ட்டைப் பேசி முடியுங்கள்.

கல்லூரிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று நோட்டீஸ் போர்டில் போடுவது சுலபம். வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்கி, கம்ப்யூட்டர் லேபைத் திறந்து, சந்தேகம் கேட்க ஒரு ஆசிரியரை உட்கார வைத்தால், பிள்ளையார்பாளையத்து மாணவி நான்காவது வாரத்துக்குள்ளும் நுழைவார்.