பன்றியிடமே கேட்பது

பன்றிக்கு மன அழுத்தம் இருக்கிறதா என்று அறிய இரத்தத்தைப் பரிசோதித்தால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அழுத்தம் வந்தால் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிடும். ஆனால் ஊசி போடுவதற்கு முன்பே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நூறு கிலோ எடையுள்ள பன்றியை அசையாமல் நிறுத்த, அதன் மேல்தாடையில் சுருக்கு மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது அது போடும் அலறல் 100 டெசிபலைத் தாண்டும். சில நிமிடங்களிலேயே கார்ட்டிசோல் எகிறிவிடும். அளக்கப் போனவரே அளவைக் கெடுத்துவிடுகிறார்.

இதற்கு வழி பன்றியின் சுபாவத்திலேயே இருந்தது. புதிதாக எதைக் கண்டாலும் அது வாயில் போட்டு மென்று பார்க்கும். கொட்டிலில் ஒரு பருத்திக் கயிற்றைத் தொங்கவிட்டால் யாரும் இழுத்துவர வேண்டாம். தானே வந்து கடித்து, குதப்பி, ஊறவைத்துவிடும். அந்த எச்சிலைப் பிழிந்து எடுத்தால் இரத்தத்தில் உள்ள கார்ட்டிசோலின் போக்கு அதில் தெரியும். ஊசியும் வேண்டாம், சுருக்கும் வேண்டாம்.

எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் கடினமான கேள்வி. கார்ட்டிசோல் துன்பத்துக்கு மட்டும் ஏறுவதில்லை. ஓடினாலும், இணை சேர்ந்தாலும் ஏறும். உடல் விழித்துக்கொண்டது என்பதை அது சொல்லும், விழிப்பு எதனால் வந்தது என்பதைச் சொல்லாது. போதாக்குறைக்கு, காலையில் உயர்ந்து மாலையில் தணியும் நாள் தாளம் ஒன்றும் அதற்கு உண்டு. 2000ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. வைக்கோல் போட்ட விசாலமான கொட்டிலில் வளர்ந்த பன்றிகளுக்கு இந்தத் தாளம் தெளிவாக இருந்தது. எதுவுமே இல்லாத வெறுந்தரையில் வளர்ந்தவற்றுக்கோ தாளம் மழுங்கி, பகல் நேர அளவும் தாழ்ந்திருந்தது. பகலில் எடுத்த ஒற்றை எண்ணை மட்டும் நம்பியிருந்தால், வெறுந்தரைப் பன்றிகள்தான் நிம்மதியாக இருக்கின்றன என்று எழுதியிருப்போம். உண்மையில் அவற்றின் நாட்களில் எழுச்சி என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அப்படியானால் பன்றியின் நாள் எப்படி இருக்க வேண்டும்? பண்ணைப் பன்றிகளைத் திறந்த வெளியில் விட்டுப் பார்த்தவர்கள் அலெக்ஸ் ஸ்டோல்பாவும் டேவிட் வுட்-கஷ்ஷும். எடின்பரோவுக்கு அருகே மரமும் புதரும் ஓடையும் உள்ள ஒரு வளாகத்தில் அவை எப்படி வாழ்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்தார்கள். எத்தனையோ தலைமுறை மனிதர் வளர்ப்பில் இருந்தும் காட்டுப்பன்றியின் பழக்கம் எதுவும் மறைந்துவிடவில்லை. பகல் நேரத்தில் பாதிக்கு மேல் மூக்கால் மண்ணைக் கிளறுவதிலும் மேய்வதிலும் கழித்தன. ஈனும் காலம் நெருங்கிய தாய்ப்பன்றி கூட்டத்தை விட்டு விலகிப்போய், குழி தோண்டி, கிளையும் புல்லும் சேர்த்துக் கூடு கட்டியது. கூட்டம் சிறியது, ஒவ்வொன்றுக்கும் மற்றவை எல்லாம் பழக்கம். பிடிக்காத ஒன்றிடமிருந்து விலகி நடக்க இடம் இருந்தது.

தொழில்முறைப் பண்ணையில் இல்லாதது அந்த இடம்தான். ஐரோப்பியப் பண்ணைகளில் குட்டி ஏறக்குறைய நான்கு வாரத்தில் தாய்ப்பாலிலிருந்து பிரிக்கப்படுகிறது. பிறகு எடை வாரியாகப் பிரித்து, முன்பின் தெரியாத குட்டிகளோடு ஒரே கொட்டிலில் சேர்க்கிறார்கள். வளர வளர இன்னொரு முறை, சில இடங்களில் மூன்றாவது முறையும். அறிமுகமில்லாத பன்றிகள் சந்தித்தால் யார் பெரியவர் என்று தீர்மானிக்கும் சண்டை கட்டாயம் நடக்கும். முதல் ஓரிரு நாட்களில் அது உச்சம் தொடும். தோற்றது ஓடிப் போக வேண்டும். நாலு சுவருக்குள் எங்கே ஓடும்?

இந்தச் சண்டையை அளக்கச் சைமன் டர்னரும் அவரது ஸ்காட்லாந்து சகாக்களும் செம்மைப்படுத்திய முறையைச் சொல்லியாக வேண்டும். கலந்து விட்ட 24 மணி நேரம் கழித்துக் கொட்டிலில் இறங்கி, ஒவ்வொரு பன்றியின் தோலிலும் உள்ள புதிய கீறல்களை எண்ணுகிறார்கள். வெள்ளைத் தோலில் பல்லின் கோடு சிவப்பாக, பிறை வடிவில் அப்படியே தெரியும். உடலை முன், நடு, பின் என மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே எண்ண வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பன்றிகள் தோளோடு தோள் நின்று, ஒன்றின் காதையும் கழுத்தையும் மற்றொன்று கடித்தபடி மோதும். ஆகவே முன்பகுதியில் கீறல் என்றால் அது எதிர்த்து நின்று சண்டை போட்டிருக்கிறது. பின்தொடையிலும் பிட்டத்திலும் கீறல் என்றால் ஓடும்போது துரத்திக் கடிக்கப்பட்டிருக்கிறது. இரவெல்லாம் கேமராவில் பதிவு செய்து மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய கதை, ஒரு பன்றிக்குச் சில நிமிடங்களில் தோலிலிருந்தே படிக்கக் கிடைக்கிறது. இன்னொன்றும் தெரியவந்தது: முதல் நாளில் நேருக்கு நேர் மோதித் தகராறைத் தீர்த்துக்கொண்டவற்றுக்குச் சில வாரம் கழித்துக் காயம் குறைவாக இருந்தது. சண்டையே இல்லாத கொட்டில்தான் நல்ல கொட்டில் என்ற எண்ணத்தை இது சற்றுத் தள்ளி வைக்கிறது. தீராமல் நீளும் தொல்லைதான் அந்த விலங்கைத் தின்கிறது.

காதும் ஒரு கருவிதான். எலொடி ப்ரீஃபரும் பல நாட்டு ஆய்வாளர்களும் 411 பன்றிகள் பிறந்ததிலிருந்து வெட்டுக்குப் போகும் வரை எழுப்பிய 7,414 ஒலிகளைச் சேகரித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பால் குடிக்கையிலும், பிரிந்த துணையோடு சேர்கையிலும் வரும் உறுமல் குட்டையானது, ஏற்ற இறக்கம் குறைந்தது. தனிமைப்படுத்தினாலோ சண்டை மூண்டாலோ வருவது நீண்ட, உச்சத்தில் கத்தும் ஒலி. கணினிக்குப் பயிற்சி கொடுத்ததும், ஒலி நல்ல அனுபவத்திலிருந்து வந்ததா கெட்டதிலிருந்து வந்ததா என்பதை அது 92 சதவீதம் சரியாகச் சொன்னது. பண்ணை மனிதர்கள் காலங்காலமாகக் காதால் அறிந்த வித்தியாசத்துக்கு இப்போது கணக்கு கிடைத்திருக்கிறது.

எச்சிலும் தோலும் குரலும் நடந்ததைச் சொல்கின்றன. பன்றி தன் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அதனிடமே கேட்க முடியுமா? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் டக்ளஸ் குழு கேட்டது. உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் குளோக்கன்ஸ்பீலின் ஒரு சுரம் ஒலித்தால் ஆப்பிள் துண்டு கிடைக்கும் என்று பன்றிகளுக்குப் பழக்கினார்கள். நாய் பழக்குபவர்கள் வைத்திருக்கும் க்ளிக்கர் சத்தம் கேட்டால் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று உலுக்குவார்கள். பன்றிக்கு அது பிடிக்காது. இரண்டையும் கற்றுக்கொண்ட பிறகு, அதுவரை கேட்டிராத ஒரு கீச்சொலியை எழுப்பினார்கள். ஆப்பிளா, பையா? வைக்கோலும் விளையாட்டுப் பொருளும் விசாலமும் உள்ள இடத்தில் இருந்த பன்றிகள் ஏறக்குறைய எல்லாமே ஆப்பிளை எதிர்பார்த்து முன்னே வந்தன. நெருக்கமான, வெறுமையான இடத்தில் இருந்தவை தயங்கி விலகின. சத்தம் ஒன்றுதான். வாழ்க்கை நல்லபடி போகும் உயிர் தெரியாத ஒன்றிலும் நல்லதை எதிர்பார்க்கிறது. விலங்குநல ஆய்வில் இதுவரை எழுப்பப்பட்ட கேள்விகளில் இதை விட அழகானது எனக்குத் தெரியாது.

ஆனால் லட்சக்கணக்கான பன்றிகளுக்குச் சுரம் வாசித்துக்கொண்டிருக்க முடியாது. பண்ணைக்கு எளிய அளவுகோல் வேண்டும், அது வாலிலேயே இருக்கிறது. கிளற மண்ணோ வைக்கோலோ இல்லாதபோது, நெரிசலில், புழுக்கத்தில், தீவனத் தொட்டியருகே போட்டி மூண்டால், பன்றிகள் ஒன்றின் வாலை மற்றொன்று கடிக்கத் தொடங்கும். ஒரு முறை இரத்தம் வந்துவிட்டால் கொட்டில் முழுக்கப் பரவும். அது வெடிப்பதற்கு முன்பே சுருண்ட வால்கள் தொங்கத் தொடங்குகின்றன. ஆழத்தையும் உணரும் முப்பரிமாணக் கேமராவால் அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று 2018இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெரும்பாலான பண்ணைகள் செய்வது வேறு: பிறந்த சில நாட்களில் குட்டியின் வாலை வெட்டிவிடுகின்றன. வழக்கமாக வெட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் சொல்கிறது. ஸ்வீடனும் ஃபின்லாந்தும் அதை உண்மையிலேயே நடைமுறைப்படுத்துகின்றன, மற்ற பல நாடுகளில் வெட்டு நின்றபாடில்லை. வாலை வெட்டுவது அளவுகோலையே வெட்டி எறிவது. கொட்டிலில் என்ன குறை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சாது.

ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 2015இல் அந்த அளவுகோலுக்கே காசு கொடுக்க முன்வந்தது. கூட்டத்தில் குறைந்தது 70 சதவீதப் பன்றிகள் முழு வாலோடு வளர்ந்தால் பன்றி ஒன்றுக்கு 16.50 யூரோ. முழு வாலைக் காட்டு, பணத்தை வாங்கிக்கொள் என்றது அரசு. அந்தப் பணம் தேவைப்பட்டதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. இன்றைய கொட்டில்களின் தரை துளையிட்ட கான்கிரீட். சாணமும் மூத்திரமும் அதன் வழியே கீழே இறங்கும். வைக்கோலைத் தாராளமாகப் போட்டால் துளையும் குழாயும் அடைத்துக்கொள்ளும். தரையை மாற்றக் காசு வேண்டும், இடத்தைக் கூட்டக் காசு வேண்டும், தினமும் கொட்டிலில் இறங்கிப் பார்க்க ஆள் வேண்டும். வாலை வெட்டச் சில விநாடி போதும்.